ஒரே குழியில் பாக்டீரியாவும் பூஞ்சையும்: ஏன் ஒவ்வொரு முறையும் வேறு முடிவு?

கேள்வி இதுதான்: "சென்னையில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இறுதியாண்டு படிக்கிறேன். கேண்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சையையும் சூடோமோனாஸ் ஏருஜினோசா பாக்டீரியாவையும் 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் சேர்த்து உயிர்ப்படலம் (பரப்பில் ஒட்டி வளரும் நுண்ணுயிர்க் கூட்டம்) வளர்க்கிறேன். இதே வேலையைச் சென்ற ஆண்டு செய்த சீனியர் அக்காவின் நோட்டில், இரண்டாம் நாளில் பூஞ்சை ஏறக்குறைய அழிந்துவிட்டதாக இருக்கிறது. அவர் ஆர்.பி.எம்.ஐ. என்ற வளர்ப்பு ஊடகத்தில் சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் திரவம்) சேர்த்து வளர்த்து, அகார் தட்டில் பரப்பி, முளைத்த காலனிகளை எண்ணினார். எனக்குச் சீரம் கிடைக்கவில்லை, டி.எஸ்.பி. என்ற வேறொரு ஊடகத்தில் வளர்த்து, கிரிஸ்டல் வயலெட் சாயம் போட்டு அளந்தேன். எனக்கு இரண்டும் நன்றாக வளர்கின்றன. ஆய்வுக் கட்டுரைகளும் இரண்டு விதமாகவும் சொல்கின்றன. யார் செய்தது சரி? வளர்ப்புச் சூழல் முடிவை இவ்வளவு மாற்றுமா?"

மாற்றும். நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே மாற்றும். அக்காவும் நீங்களும் ஒரே பரிசோதனையைச் செய்ததாக நினைக்கிறீர்கள். எனக்கு இரண்டு வேறு பரிசோதனைகள் தெரிகின்றன. அளந்த பொருளும் வேறு. எனவே "யார் சரி" என்பதைக் கொஞ்ச நேரம் தள்ளி வைப்போம்.

இந்த இரண்டு உயிர்களும் பகையா நட்பா என்ற கேள்வியிலேயே ஒரு கோணல் இருக்கிறது. கோடையில் தண்ணீர் லாரி வந்து நிற்கும் தெருவை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு குழாயில் தாராளமாகத் தண்ணீர் வரும்போது அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள். சித்திரையில் குட வரிசையில் அதே இரண்டு பேரும் மல்லுக்கு நிற்கிறார்கள். ஆட்கள் மாறவில்லை. கேண்டிடாவுக்கும் சூடோமோனாஸுக்கும் இடையே உள்ள உறவும் இப்படித்தான், வளரும் இடத்தில் தீர்மானமாகிறது.

நம் வீட்டு மாவுப் பாத்திரமே இதற்குச் சாட்சி. அதே அரிசி, அதே உளுந்து, அதே கை. மார்கழியில் விடிந்த பிறகும் மாவு பொங்காமல் கிடக்கும். வைகாசியில் காலையில் அரைத்தது மாலைக்குள் வழிந்து மேடையில் ஓடும். உள்ளே இருப்பது லியூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்களும் சில ஈஸ்ட்களும் சேர்ந்த கலப்புக் கூட்டம். வெப்பம் மாறினால் வேகம் மட்டும் மாறுவதில்லை, யார் கை ஓங்குகிறது என்பதும் மாறுகிறது. அதனால்தான் புளிப்பின் ருசியே வேறாகிறது. ஆனால் மாவு உயிர்ப்படலம் ஆகாது. ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரந்த பசைக்குள் வாழும் கூட்டம்தான் உயிர்ப்படலம். வாளியின் அடியில் விரல் வழுக்குகிறதே, அது. ஏ.சி. தண்ணீர்க் குழாயை அடைக்கும் கொழகொழப்பு, அதுவும். பதினேழாம் நூற்றாண்டில் லேவன்ஹூக் தன் பல்லைச் சுரண்டி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது கண்டதும் இதைத்தான். நுண்ணுயிர்கள் இயற்கையில் பெரும்பாலும் இப்படி ஒட்டித்தான் வாழ்கின்றன என்பதை 1978-இல் நுண்ணுயிரியலாளர் காஸ்டர்ட்டனும் அவருடைய கூட்டாளிகளும் அழுத்திச் சொன்ன பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

இனி உங்கள் குழிக்கு வருவோம். கேண்டிடா அல்பிகன்ஸுக்கு இரண்டு முக்கிய உருவங்கள் உண்டு. ஒன்று, மொட்டுவிட்டுப் பெருகும் உருண்டையான ஈஸ்ட். மற்றொன்று, நீண்டு வளரும் பூஞ்சையிழை. வெப்பம் 30 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருந்து, ஊடகமும் அமிலத்தன்மையோடு இருந்தால் பெரும்பாலும் ஈஸ்ட். வெப்பம் 37 டிகிரி, அமில-காரத் தன்மையின் அளவான பி.எச். 7-ஐ ஒட்டி, கூடவே சீரம், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு என்று உடலின் உட்புறத்தைப் போன்ற சூழல் அமைந்தால் இழை. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். கலப்புப் படலத்தில் இந்த உருவ மாற்றம் எதைத் தீர்மானிக்கிறது என்பதில்தான் சுவாரசியம் தொடங்குகிறது.

2002-இல் டெபோரா ஹோகனும் ராபர்ட்டோ கோல்ட்டரும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சூடோமோனாஸ், கேண்டிடாவின் இழைமேல் ஒட்டி, அங்கேயே படலம் கட்டி, இழையைக் கொன்றுவிடுகிறது. ஈஸ்ட் வடிவில் இருக்கும் அதே பூஞ்சையை அது அப்படி ஒட்டுவதும் இல்லை, கொல்வதும் இல்லை. இரையும் வேட்டைக்காரனும் அதேதான். இரையின் உருவம்தான் வேறு. அந்த உருவத்தைத் தீர்மானிப்பது நீங்கள் ஊற்றும் ஊடகமும் இன்குபேட்டரின் குமிழும்.

கதை அங்கே முடியவில்லை. அதே குழுவினர் 2004-இல் இன்னொன்றைக் காட்டினார்கள். சூடோமோனாஸ் தன் கூட்டத்தின் அடர்த்தியை அறியச் சுரக்கும் சமிக்ஞை மூலக்கூறுகளில் 12 கார்பன் சங்கிலி கொண்ட ஒன்று, கேண்டிடா இழை விடுவதைத் தடுக்கிறது. பகைவனின் வாசனை பட்டதும் பூஞ்சை கொல்லப்படாத உருவத்துக்குள் ஒடுங்கிக்கொள்கிறது என்று இதைப் படிக்கத் தோன்றுகிறது. எனக்கு அந்த வாசிப்பு பிடிக்கும், ஆனால் அதை நிரூபணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பூஞ்சையும் வாய்மூடி இருப்பதில்லை. ஃபார்னிசால் என்ற பொருளைச் சுரந்து தன் கூட்டத்தையே ஈஸ்ட் வடிவில் நிறுத்துகிறது. சூடோமோனாஸின் ஒரு சமிக்ஞைப் பாதையையும் அதே பொருள் மட்டுப்படுத்துகிறது.

இந்த ஃபார்னிசால் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒரு பொறி இருக்கிறது. ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ பத்து லட்சம் செல்களுக்கு மேல் கேண்டிடாவைப் போட்டுத் தொடங்கினால், மற்ற எல்லாச் சூழலும் இழைக்குச் சாதகமாக இருந்தாலும், கூட்டம் ஈஸ்டாகவே நிற்கப் பார்க்கும். அதைவிடக் குறைவாகப் போட்டால் இழை விடும். ஆக, விதைக்கும் அளவு என்பது வெறும் எண்ணிக்கை அல்ல, அதுவும் ஒரு வளர்ப்புச் சூழல்தான். நீங்களும் அக்காவும் எத்தனை செல்களில் தொடங்கினீர்கள் என்று கேள்வியில் சொல்லவில்லை. நோட்டில் தேடுங்கள்.

சென்னைக்கே உரிய ஒரு தலைவலியையும் இங்கே சொல்ல வேண்டும். வெளிநாட்டுச் செய்முறைகளில் "அறை வெப்பநிலையில் வைக்கவும்" என்று இருக்கும். அவர்கள் மனத்தில் இருப்பது 22 முதல் 25 டிகிரி. நம் ஊரில் அது மார்கழி, தை இரவுகளில் மட்டும் கிடைக்கும் ஆடம்பரம். மே மாதம் மதியம் மூன்று மணிக்கு ஏ.சி. இல்லாத ஆய்வகத்தின் "அறை வெப்பநிலை" 34 டிகிரி. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், வளர்ப்பு அறையின் ஏ.சி. இரண்டு வாரம் பழுதாகிக் கிடந்தது. ஈஸ்டாக இருக்க வேண்டிய தொடக்கக் கலவையை மேசைமேல் இருந்த ஷேக்கரில் வழக்கம்போல இரவு முழுவதும் சுழல விட்டோம். காலையில் கண்ணாடித் துண்டில் ஒரு துளி வைத்துப் பார்த்தால் பல செல்கள் முளைவிட்டுக் கொத்துக் கொத்தாகப் பின்னிக் கிடந்தன. கொத்தை எப்படி எண்ணுவது? அந்த இரண்டு வாரத் தரவையும் தூக்கிப் போட்டோம். அன்றிலிருந்து என் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் தேதிக்குப் பக்கத்தில் அறையின் வெப்பநிலையையும் எழுதும் பழக்கம் வந்தது.

சீரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது இழை விடத் தூண்டுவதோடு நிற்பதில்லை. குழியின் பிளாஸ்டிக் பரப்பில் புரதப் பூச்சாகப் படிந்து, யார் ஒட்டலாம் என்பதையே மாற்றுகிறது. அதிலுள்ள டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால், இரும்புக்கு அலையும் சூடோமோனாஸின் நடத்தையும் மாறுகிறது.

சீரத்தின் வேலைக்கு மிக நல்ல உதாரணம் சூடோமோனாஸ் அல்ல, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற வேறொரு பாக்டீரியா. பாதி சீரமாக உள்ள ஊடகத்தில் ஸ்டஃபைலோகாக்கஸைத் தனியாக விட்டால் அது கட்டும் படலம் பரிதாபமாக இருக்கும். கூடவே கேண்டிடாவைப் போட்டால் நிலைமை தலைகீழ். பூஞ்சை தரையில் இழைப் பந்தல் போடுகிறது; பாக்டீரியா அந்தப் பந்தலில் கொடிபோலப் படர்ந்து சிறு சிறு திரள்களாக வளர்கிறது. இழையின் மேற்பரப்பில் உள்ள ஏ.எல்.எஸ்.-3 என்ற புரதமே அதற்குப் பிடிமானம். 2009-இல் வந்த ஆய்வு ஒன்று, இப்படி வளர்ந்த ஸ்டஃபைலோகாக்கஸ் வான்கோமைசின் மருந்துக்கு அசைந்து கொடுக்காமல் நிற்பதைக் காட்டியது. பூஞ்சை சுரக்கும் குளூக்கன் பசை பாக்டீரியாவைப் போர்வைபோல மூடிக்கொள்வது இதற்கு ஒரு காரணம் என்று பிறகு தெரிந்தது. இதே சோடியைச் சீரம் இல்லாத ஊடகத்தில் வளர்த்திருந்தால், "ஸ்டஃபைலோகாக்கஸுக்குக் கேண்டிடாவின் தயவு தேவையில்லை" என்று எழுதிவிட்டுப் போயிருப்போம். ரத்தக் குழாயில் செருகிய கதீட்டரில் நடப்பதற்கு எந்த ஊடகம் நெருக்கம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது சர்க்கரை. இதில் எனக்குத் தெரிந்த மிக அழகான உதாரணம் குழந்தைகளின் பல்லில் இருக்கிறது. சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில் ஊற்றி, குழந்தையின் வாயில் வைத்தபடியே தூங்க விடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. மேல்வரிசைப் பால் பற்கள் கறுத்துக் கரைந்து போகும் அந்தச் சொத்தைப் பற்களைச் சுரண்டிப் பார்த்தால், எதிர்பார்த்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியாவோடு கேண்டிடாவும் அடிக்கடி கிடைக்கிறது. சுக்ரோஸ் இல்லாதபோது இந்த இரண்டும் ஒன்றையொன்று பெரிதாகச் சட்டை செய்வதில்லை. சுக்ரோஸ் வந்துவிட்டால் போதும். பாக்டீரியா வெளியே விடும் ஜி.டி.எஃப்.-பி என்ற நொதி பூஞ்சையின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு, அங்கேயே சுக்ரோஸை வெட்டிப் பசையான குளூக்கனாகக் கோக்கிறது. பூஞ்சையே பசைத் தொழிற்சாலையின் சுவராகிவிடுகிறது. 2014-இல் எலிகளில் செய்த சோதனையில், சர்க்கரை உணவோடு இரண்டும் சேர்ந்திருந்த எலிகளுக்குத்தான் பற்கள் மிக மோசமாகச் சிதைந்தன.

சர்க்கரை என்றதும் எல்லாச் சர்க்கரையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். குளுக்கோஸைப் போட்டால் அமிலம் வரும். ஆனால் அந்த நொதிக்குச் சுக்ரோஸ்தான் கச்சாப் பொருள், எனவே பசை வராது. ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் ஊடகங்கள் பெரும்பாலும் குளுக்கோஸ் கொண்டவை. பல் படலத்தைப் பற்றி ஆராய்ந்துவிட்டுச் சுக்ரோஸே சேர்க்காமல் "இரண்டுக்கும் உறவு இல்லை" என்று முடிவு சொல்லும் திட்ட அறிக்கைகளை மதிப்பிட எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். சாம்பாரில் புளி போடாமல் புளிக்கவில்லை என்று புகார் சொல்வதைப் போன்றது அது.

குளுக்கோஸின் அளவும் முக்கியம். நீங்கள் பயன்படுத்திய டி.எஸ்.பி.யிலும் அக்காவின் ஆர்.பி.எம்.ஐ. 1640-இலும் குளுக்கோஸ் கிட்டத்தட்ட ஒரே அளவு, லிட்டருக்கு 2 முதல் 2.5 கிராம். எனவே உங்கள் இருவருடைய வேறுபாட்டுக்குச் சர்க்கரைமேல் பழி போட முடியாது. ஈஸ்ட் வளர்க்கும் ஒய்.பி.டி. ஊடகத்தில் அது 20 கிராம். அங்கிருந்து எடுத்த செல்களைச் சரியாகக் கழுவாமல் போட்டால் மட்டும் கொஞ்சம் கணக்குத் தவறும்.

பி.எச். விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே உங்கள் இரண்டு ஊடகங்களுக்கும் உண்மையான வேறுபாடு உண்டு. கேண்டிடாவுக்குக் குளுக்கோஸ் தீர்ந்துவிட்டால் அமினோ அமிலங்களைத் தின்னத் தொடங்குகிறது. அப்போது அம்மோனியாவை வெளியே விட்டுச் சுற்றுப்புறத்தின் பி.எச்.-ஐத் தானே ஏற்றிவிடுகிறது. ஏறிய பி.எச். அதற்கே இழை விடத் தூண்டுதல். ஸ்டஃபைலோகாக்கஸ் பக்கத்தில் இருந்தால், அதன் நச்சுச் சுரப்பை முடுக்கும் மரபணுச் சுவிட்சையும் இந்தப் பி.எச். மாற்றம் தட்டிவிடுகிறது, எலியின் வயிற்றறையில் இரண்டும் சேர்ந்தால் மட்டும் உயிர்போகும் அளவுக்கு நோய் முற்றுவதற்கு இந்த நச்சு முக்கியக் காரணம். இப்போது யோசியுங்கள்: பூஞ்சைச் சோதனைகளுக்குப் பயன்படும் ஆர்.பி.எம்.ஐ.யில் வழக்கமாக மாப்ஸ் என்ற பஃபரைப் போட்டுப் பி.எச்.-ஐ 7-இல் கட்டிப்போடுகிறோம். முடிவுகள் ஒழுங்காக வரும், உண்மைதான். ஆனால் இந்த உயிர்கள் ஒன்றோடொன்று பி.எச். வழியாகப் பேசும் பேச்சுக்கு வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டோம். பஃபர் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. போட்டால் எதை இழக்கிறோம் என்று தெரிந்து போடுங்கள்.

ஆக்சிஜன் இன்னொரு பெரிய சங்கதி. படலத்தின் மேல்தட்டில் இருக்கும் செல்கள் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால், சில பத்து மைக்ரான் ஆழத்திலேயே அடித்தட்டு மூச்சுத் திணறுகிறது. காற்று பட்டால் சாகும் பாக்டீரியாக்கள், திறந்த வெளியில் வைத்த தட்டில் கேண்டிடா படலத்துக்குள் ஒளிந்து வளர்வதை 2014-இல் ஒரு குழு காட்டியது. பூஞ்சை அவற்றுக்கு ஆக்சிஜன் இல்லாத ஒரு நிலவறை அமைத்துக் கொடுக்கிறது.

சூடோமோனாஸிலும் ஆக்சிஜன் கதை உண்டு, அது இன்னும் வேடிக்கை. உங்கள் குழிகளில் நீலப்பச்சை நிறம் வருகிறதல்லவா, பயோசயனின்? அது ஃபீனசின் குடும்பத்துப் பொருள். அதிக அளவில் பூஞ்சைக்கு நஞ்சு. குறைந்த அளவில் அது பூஞ்சையைக் கொல்வதில்லை. இழை விடுவதைத் தடுத்து, சுவாசத்தைக் குறைத்து, நொதித்தலுக்குத் தள்ளுகிறது. நொதித்தால் எத்தனால் வரும். அந்த எத்தனால், சூடோமோனாஸ் தன் பசையை அதிகம் சுரந்து இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளத் தூண்டுகிறது. ஃபீனசின் சுரப்பின் வகையையும் மாற்றுகிறது. இதுவும் 2014-இல் வெளிவந்ததுதான். ஆக, ஒருவன் மற்றவனுக்குக் குறைவாக நஞ்சு வைக்கிறான். நஞ்சுண்டவன் சாராயம் காய்ச்சுகிறான். நஞ்சு வைத்தவன் அதில் தழைக்கிறான். இதைப் பகை என்பீர்களா, கூட்டு வியாபாரம் என்பீர்களா? ஃபீனசின் எவ்வளவு சேரும் என்பதை ஊடகத்தின் பாஸ்பேட், காற்றோட்டம், எத்தனை மணி நேரம் விட்டீர்கள் என்பவை தீர்மானிக்கின்றன. 24 மணியில் நிறுத்தியவரும் 72 மணியில் நிறுத்தியவரும் இரு வேறு ஊர்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

நீரோட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் 96 குழித் தட்டில் அது இல்லவே இல்லை என்பதால். தேங்கிய குழியில் கழிவும் சமிக்ஞைகளும் அங்கேயே சேர்ந்துகொண்டே போகும்; ஓடும் குழாயில் அவை அடித்துச் செல்லப்படும், நன்றாக ஒட்டியவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். தேங்கிய குழியில் கிடைத்த ஃபார்னிசால் முடிவைச் சிறுநீர்க் கதீட்டருக்கு அப்படியே பெயர்த்துச் சொல்ல முடியாது. நம் பக்கத்துக் கல்பாக்கத்தில், கடல்நீரால் குளிரூட்டும் அணுமின் நிலையக் குழாய்களில் படலம் படிவதைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். அங்கே நீரின் வேகமும் குளோரினும்தான் முதல் கேள்விகள், ஊடகம் அல்ல.

யார் முதலில் வந்தார் என்பதையும் பாருங்கள். கேண்டிடா படலத்துக்கான வழக்கமான செய்முறையில் செல்களை 90 நிமிடம் ஒட்டவிட்டு, ஒட்டாதவற்றைக் கழுவி, புதிய ஊடகம் ஊற்றுகிறோம். பாக்டீரியாவை அந்த 90 நிமிடத்துக்கு முன்பே போட்டால் அது தரைக்காகப் போட்டியிடுகிறது. கழுவிய பிறகு போட்டால் முளைக்கத் தொடங்கிய பூஞ்சைமேல் வந்து இறங்குகிறது. ஒரு நாள் கழித்துப் போட்டால், கட்டி முடித்த வீட்டுக்குக் குடித்தனம் வருகிறது. மூன்றையும் "கலப்புப் படலம்" என்ற ஒரே பெயரில்தான் எழுதுகிறார்கள்.

இப்போது அளவீடு. உண்மையில் எனக்கு உங்கள் கேள்வியில் அதிகம் உறுத்தியது இதுதான். கிரிஸ்டல் வயலெட், ஒட்டியிருக்கும் எல்லாவற்றையும் ஊதாவாக்கும்: உயிருள்ள பூஞ்சை, செத்த பூஞ்சை, பாக்டீரியா, பசை, எல்லாவற்றையும். குழியில் ஊதா கூடியிருக்கிறது என்றால் மொத்தப் பொருள் கூடியிருக்கிறது என்றுதான் பொருள். "இரண்டும் நன்றாக வளர்கின்றன" என்று அந்த எண் சொல்லவில்லை, நீங்கள் சொல்கிறீர்கள். உங்கள் குழியில் பூஞ்சை முழுவதும் செத்து, அதன் எலும்புக் கூட்டின்மேல் சூடோமோனாஸ் கொண்டாட்டம் நடத்திக்கொண்டிருந்தாலும் இதே ஊதாதான் வரும்.

அக்காவின் எண்ணிக்கையும் அப்பழுக்கற்றது அல்ல. இழையாக வளர்ந்த பூஞ்சையைச் சுரண்டி அகாரில் பரப்பினால், பல செல்கள் கொண்ட ஒரு முழு இழை ஒரே ஒரு காலனியாகத்தான் முளைக்கும். பின்னிக்கிடக்கும் கொத்தும் ஒரே காலனிதான். சீரம் போட்டு நன்றாக இழை விட வைத்தவர் அவர். எனவே அவருடைய தட்டில் பூஞ்சை குறைந்ததில் ஒரு பங்கு சாவு, ஒரு பங்கு வெறும் கணக்கு விளையாட்டாக இருக்கக்கூடும். அதற்கும் மேல் ஒரு சின்ன விஷயம்: பூஞ்சையைப் பிரித்தெடுக்கச் சபுராட் அகாரில் பாக்டீரியாவைத் தடுக்கும் குளோரம்ஃபெனிகால் போட்டிருந்தால், சூடோமோனாஸ் அந்த மருந்தைப் பொதுவாகச் சட்டை செய்யாது. தட்டில் பாக்டீரியா படர்ந்து பூஞ்சைக் காலனிகளை மூடியிருக்கலாம். ஜென்டாமைசின் சேர்த்துப் பாருங்கள். அதற்கும் முன் உங்கள் சூடோமோனாஸ் ஸ்ட்ரெயின் (அந்த இனத்தின் உள்வகை) அந்த மருந்துக்குப் பணிகிறதா என்று தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள். பாக்டீரியாவை எண்ணும் தட்டில் பூஞ்சையைத் தடுக்க நிஸ்டாட்டின் போதும்.

உயிரோட்டத்தை அளக்க, உயிருள்ள செல்கள் நிறமாக்கும் எக்ஸ்.டி.டி. சாயச் சோதனை செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒற்றைப் பூஞ்சைப் படலத்துக்கு நல்ல முறை. சூடோமோனாஸோடு வேண்டாம். அதன் பயோசயனின் தானே எலக்ட்ரானைக் கைமாற்றும் பொருள் என்பதால், யாரும் உயிரோடு இல்லாவிட்டாலும் நிறம் வரலாம்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். மேலே சொன்னதெல்லாம் கேண்டிடா அல்பிகன்ஸின் கதை. இந்தியத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ரத்தத்தில் பூஞ்சைத் தொற்று என்றால் முன்னணியில் நிற்பது கேண்டிடா டிராப்பிகாலிஸ். கேண்டிடா கிளாப்ரேட்டா இழையே விடுவதில்லை. கேண்டிடா ஆரிஸும் வழக்கமான சூழலில் ஈஸ்டாகவே இருக்கிறது. இழைமேல் ஒட்டிக் கொல்வது என்ற கதையை அவற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. சென்னை மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்த ஸ்ட்ரெயினை வைத்து வேலை செய்கிறீர்கள் என்றால், இனம் எது என்று உறுதி செய்த பிறகு மேலே படியுங்கள்.

சரி, உங்கள் இருவரில் யார்? என் ஊகம் இது. அக்காவின் குழியில் சீரமும் நடுநிலைப் பி.எச்.சும் சேர்ந்து பூஞ்சையை இழையாக்கின. சூடோமோனாஸுக்கு இரை கிடைத்தது. பூஞ்சை உண்மையாகவே குறைந்தது, எண்ணிக்கை அதைக் கொஞ்சம் மிகைப்படுத்தியது. உங்கள் டி.எஸ்.பி.யில் பூஞ்சை பெரும்பாலும் ஈஸ்டாக நின்றிருக்கலாம், அப்படியானால் தப்பியிருக்கும். அல்லது வளமான ஊடகத்தில் வேகமாகப் பெருகிய பாக்டீரியா அதை நெருக்கித் தள்ளியிருக்கும். ஊதாச் சாயம் அதை உங்களிடம் மறைத்திருக்கும். எது என்று இப்போதுள்ள தரவை வைத்துச் சொல்ல முடியாது, ஒரு வார வேலையில் சொல்லிவிடலாம்.

ஒரே நாளில், ஒரே தட்டில், ஒரே தொடக்கக் கலவையிலிருந்து செய்யுங்கள். ஆர்.பி.எம்.ஐ. சீரத்தோடு, ஆர்.பி.எம்.ஐ. சீரம் இல்லாமல், டி.எஸ்.பி. சீரத்தோடு, டி.எஸ்.பி. சீரம் இல்லாமல் என நான்கு ஊடகங்கள். ஒவ்வொன்றிலும் பூஞ்சை தனி, பாக்டீரியா தனி, இரண்டும் சேர்ந்தது, எதுவுமே போடாத வெறும் ஊடகம். தனியாக வளர்த்த குழி அதே ஊடகத்தில் இல்லையென்றால், சேர்ந்த குழியின் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பாதித் திட்ட அறிக்கைகள் சறுக்கும் இடம் இது. தொடங்கும் அளவு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சத்துக்குக் கீழே இருக்கட்டும். 37 டிகிரி என்று குமிழில் இருப்பதை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள். ஓரக் குழிகளில் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். இன்குபேட்டரில் அவைதான் முதலில் வற்றும். இரவில் மின்சாரம் போய் வந்தால் அதையும் எழுதுங்கள்.

சீரத்துக்கு அலைய வேண்டாம். துறையில் செல் வளர்ப்புச் செய்பவர்களிடம் கேட்டால் சில மில்லிலிட்டர் கருக்கன்றுச் சீரம் (கன்றின் கருவிலிருந்து எடுத்தது) கிடைக்கும், உங்களுக்கு அது போதும். 4 மணி நேரம், 24 மணி நேரம், 48 மணி நேரம் கழித்து என்று மூன்று வேளைகளில் எடுத்து, சாயம் போடும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு குழியைத் தலைகீழ் நுண்ணோக்கியில் பாருங்கள். 4 மணி நேரத்திலேயே சீரக் குழியில் இழையின் தொடக்கமான முளைக்குழாய் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் பாக்டீரியாவைப் பற்றி யோசிக்கும் முன் அந்தச் சீரப் புட்டியை மாற்றுங்கள்.